பாலாற்று மாசு: தனியொருவர் பொறுப்பும் நிறுவனப் பொறுப்பும்

சுற்றுச்சூழல் அழிவிற்குத் தனியொருவர் பொறுப்பா, அவரைக் கண்காணிக்க வேண்டிய நிறுவனம் பொறுப்பா என்னும் வினாவிற்குப் பாலாற்று மாசு தக்க சான்றாகும். பல தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவுநீர் ஓர் ஆற்றில் கலக்கும்போது, ஒரு கிணறு எவரால் கெட்டது என உழவர் மெய்ப்பிப்பது அரிது. வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம் 28.08.1996 அன்று வழங்கிய தீர்ப்பு இச்சிக்கலை எதிர்கொண்டது. தீங்கின்மையை மெய்ப்பிக்கும் சுமையைத் தொழில் நடத்துவோர்மீது வைத்தது. மாசுபடுத்தியவரே இழப்பீட்டையும் சீரமைப்புச் செலவையும் ஏற்க வேண்டும் என்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றிற்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. அத்துடன், 1986ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் இடமளித்தும் அதிகார அமைப்பை ஏற்படுத்தாத மைய அரசின் குறையைச் சுட்டி, அதனை நிறுவ ஆணையிட்டது. எனவே, நிறுவனப் பொறுப்பு தனியொருவர் பொறுப்பை நீக்குவதில்லை. பலருள் மறைந்துவிடும் அப்பொறுப்பை அளந்து நிறைவேற்றச் செய்வதே நிறுவனத்தின் கடமை என்பது பெறப்படுகிறது.