கல்மரம் வழியே கங்கைகொண்ட சோழபுரம்

காலை ஐந்தரைக்குப் பெரம்பலூரில் மிதிக்கத் தொடங்கினேன். கேரியரின் இருபுறமும் ஒரே எடையில் தாழத் தொங்கும் பைகள். பாரம் உயர ஏறினால் ஹேண்டில் ஆடும். முதுகில் ஏறினால் இடுப்பு விட்டுப்போகும்.

சைக்கிளில் நாடு நாடாகச் சுற்ற ஐரோப்பாவில் 'யூரோவெலோ' என்று எண் போட்ட 17 நெடும்பாதைகள் உண்டு. ஆறாம் பாதை அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை போகிறது. நமக்கு டீக்கடைதான் வழிகாட்டிப் பலகை.

"சாத்தனூருக்கு எப்படிண்ணே?"

"நேராப் போயி யாரையாச்சும் கேளுங்க தம்பி."

சாத்தனூரில் சுமார் 12 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரம், 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாகிக் கிடக்கிறது. அன்று இங்கே கடல். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் இன்று அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. லாரி கடக்கும்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்க வேண்டும். காற்று முதலில் தள்ளும், பிறகு உள்ளே இழுக்கும்.

2024இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்குப் போகும் வழியில் பின்சக்கரம் பஞ்சர். பேசின் தண்ணீரில் டியூபை அமுக்கினேன். குமிழி காட்டிக் கொடுத்தது. ஒட்டுப் போட்டுவிட்டு, டயரின் உட்புறத்தை விரலால் தடவினேன். சீமைக் கருவேல முள்! அதை எடுக்காமல் மாட்டியிருந்தால் அடுத்த மைலிலேயே மறுபடி பஞ்சர்தான்.

மறுநாள் மாலை, ஜெயங்கொண்டம் தாண்டியதும் ராஜேந்திர சோழனின் விமானம் தெரிந்தது. கங்கை வரை படை அனுப்பியவன் கட்டிய ஊர். நான் இரண்டு மாவட்டம்தான் கடந்திருந்தேன். கால் மட்டும் கங்கைக்கே போய்வந்ததுபோல் வலித்தது.