ஹாஸ்டல் மொட்டை மாடியும் ஃபெசிலிட்டி மேனேஜரின் காலண்டரும்

நமக்கு ப்ராஜெக்ட்னா கட்டி முடிக்கிறது. ஃபெசிலிட்டி மேனேஜருக்கு அதுக்கப்புறம்தான் கதையே. கான்ட்ராக்டர் கிளம்பிடுவார், ஒழுகினா போன் இவருக்குத்தான் வரும்.

சென்னையில ஒரு ஹாஸ்டல் மொட்டை மாடிக்கு வாட்டர்ப்ரூஃபிங் வேலைன்னு வைங்க. வடகிழக்குப் பருவமழை அக்டோபர் மூணாவது வாரம் வாக்குல தொடங்கும். அங்கிருந்து பின்னோக்கி எண்ணணும். தண்ணி வடியச் சரிவா புது காங்கிரீட் போட்டா, ஐஎஸ் 456 படி சாதா சிமெண்ட்டுக்கு க்யூரிங் குறைஞ்சது 7 நாள், பிபிசி மாதிரி கலப்பு சிமெண்ட்டுக்கு 10 நாள். அப்புறம் அது நல்லா காயணும். ஈரத்து மேல அடிச்சா பல கோட்டிங் கொப்புளிச்சு உரிஞ்சிடும். கோட்டிங் முடிஞ்சதும் மழைநீர்க் குழாய் வாயை அடைச்சு, மாடியில ரெண்டு மூணு நாள் தண்ணி கட்டி, கீழ் ரூம் சீலிங்கைப் பார்க்கணும். ஈரம் தெரிஞ்சா திரும்பச் செய்யவும் நாள் வேணும். பழைய தளத்தை உடைக்கிற சத்தத்துல யாரும் எக்ஸாமுக்குப் படிக்க முடியாது (அனுபவம்!). அதனால அது மே, ஜூன் லீவுலதான். அப்போ டெண்டர் மார்ச்சுக்குள்ள போயாகணும்.

இன்னொண்ணு, ஒப்பந்தத்தில் வரும் குறைபாட்டுப் பொறுப்புக் காலம். அதுவரைக்கும் பில்லில் ஒரு பகுதியைப் பிடித்து வைப்பார்கள். ஜனவரியில வேலை முடிஞ்சு, அந்தக் காலம் 6 மாசம்னு கையெழுத்துப் போட்டா, ஜூலையில பணம் போயிடும். மாடி இன்னும் ஒரு ஐப்பசி மழையைக்கூடப் பார்த்திருக்காது.