மின்காரில் வேலூருக்கு ஒரு பயணம்

பெட்ரோல் கார் ஓட்டிப் பழகிய ஒருவர் முதன்முறையாக மின்காரில் அமரும்போது அவருக்கு மூன்று வியப்புகளும் ஓர் அச்சமும் காத்திருக்கின்றன. வண்டி ஓசையின்றிப் புறப்படுவதும், நின்ற நிலையிலிருந்து சட்டென்று பாய்வதும் முதல் வியப்பு. மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தவுடன் பிரேக் போட்டதுபோல் வேகம் குறைவது இரண்டாவது. கார் முழுவதற்குமான ஆற்றல் எவ்வளவு சிறியது என்று தெரியவருவது மூன்றாவது. வழியில் மின்சாரம் தீர்ந்துவிட்டால் என்ன செய்வது என்பதே அச்சம். இந்த நான்குக்கும் விடை, நாம் பள்ளியில் படித்த இயற்பியலில் இருக்கிறது.

முகப்பேரில் குடியிருக்கும் நான், ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய மின்கார் ஒன்றை வங்கிக் கடனில் வாங்கினேன். அதன் மின்கலத் தொகுதியின் கொள்ளளவு 30 கிலோவாட் மணி. வீட்டு மின்கட்டணக் கணக்கில் ஒரு யூனிட் என்பதும் ஒரு கிலோவாட் மணி என்பதும் ஒன்றே. ஆகவே 30 யூனிட் என்று வைத்துக்கொள்வோம். உறவினர் வீட்டு வளைகாப்புக்காக என் தந்தையுடன் வேலூர் சென்று வந்ததே இந்தக் காரில் என் முதல் நீண்ட பயணம். தந்தை அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் வகுப்பில் நடத்தும் இயற்பியலைக் காட்டிலும் அவருடைய கால் அறிந்திருந்த இயற்பியலே அன்று எங்களுக்கு அதிகம் உதவியது.

ஓசையில்லாத தொடக்கம்

விடியற்காலையில் பொத்தானை அழுத்தினேன். “ஸ்டார்ட் ஆகலையாம்மா?” என்று அப்பா கேட்டு முடிப்பதற்குள் வண்டி தெருமுனைக்கு வந்துவிட்டது. முதன்முறை ஏறும் எவரும் கேட்கும் கேள்விதான் அது.

பெட்ரோல் எஞ்சின் நின்ற நிலையில் எந்த விசையையும் தர இயலாது. எரிபொருள் வெடித்து உந்துதண்டைத் தள்ள வேண்டுமானால், எஞ்சின் முதலில் சுழன்றுகொண்டிருக்க வேண்டும். நிமிடத்திற்குச் சில நூறு சுற்றுகளாவது இல்லையென்றால் அது அணைந்துவிடும். எனவேதான் வண்டி சிக்னலில் நிற்கும்போதும் எஞ்சின் உறுமிக்கொண்டே இருக்கிறது. சுழலும் எஞ்சினையும் நிற்கும் சக்கரத்தையும் மெல்ல மெல்ல இணைப்பதற்குக் கிளட்சும் கியர்களும் தேவைப்படுகின்றன.

மின்மோட்டாரின் நிலை வேறு. காந்தப்புலத்தில் உள்ள கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்தால், அது சுழன்றாலும் சுழலாவிட்டாலும் விசை பிறக்கும். ஆகவே நின்ற நிலையிலேயே மோட்டாரின் முழு முறுக்கு விசையும் சக்கரத்துக்குக் கிடைத்துவிடுகிறது. சாதாரண மின்கார் கூட சிக்னலில் மற்ற வண்டிகளை முந்திக்கொண்டு கிளம்புவதன் இரகசியம் இதுதான். புதிதாக ஓட்டுபவர் மிதிகட்டையை மென்மையாகவே அழுத்த வேண்டும்.

ஓசையின்மையில் ஓர் ஆபத்தும் உண்டு. காதால் கேட்டே வண்டியை உணர்ந்து தெருவைக் கடப்பவர்கள் பலர். பார்வையற்றோர்க்கு அது ஒன்றே வழி. மெதுவாகச் செல்லும் மின்கார் செயற்கையாக ஓர் ஒலி எழுப்ப வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் புதிய வகை வண்டிகளுக்கு விதி செய்திருக்கிறது. முகப்பேரின் குறுகிய தெருக்களில் முதியோர் என் வண்டிக்கு முன்னால் திரும்பிப் பாராமல் நடப்பதைக் காணும்போது, அந்த விதியின் தேவை எனக்குப் புரிகிறது.

காலை எடுத்தால் மின்சாரம்

சைக்கிளில் டைனமோ விளக்கு வைத்து ஓட்டியவர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். டைனமோவைச் சக்கரத்தோடு சாய்த்ததும் மிதிப்பது கடினமாகிவிடும். விளக்கு எரிவதற்கான ஆற்றல் நம் கால்களிலிருந்தே செல்கிறது என்பதே காரணம்.

மோட்டாரும் டைனமோவும் அடிப்படையில் ஒரே கருவிதான். மின்சாரம் கொடுத்தால் சுழலும். சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். மின்காரில் மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தவுடன் சக்கரங்கள் மோட்டாரைச் சுழற்றத் தொடங்குகின்றன. அப்போது மோட்டார் டைனமோவாக மாறி, வண்டியின் இயக்க ஆற்றலை மின்சாரமாக்கி மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. ஆற்றலை இழப்பதால் வண்டியின் வேகம் குறைகிறது.

பயணிகளுடன் 1,600 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 220 கிலோ ஜூல். சாதாரணக் காரில் இது முழுவதும் பிரேக்கில் வெப்பமாகி வீணாகும். இதில் பாதி திரும்பக் கிடைத்தால் கூட, நகர வேகத்தில் மேலும் 350 மீட்டர் ஓடலாம். நின்று நின்று செல்லும் பாடி, அம்பத்தூர் நெரிசலில் இது பெரிய இலாபம்.

இதில் புதியவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தால், திரும்பி வரும் மின்சாரத்துக்கு அங்கே இடமில்லை. அன்று முழு மின்னேற்றத்துடன் கிளம்பியதால், மதுரவாயல் வரும்வரை காலை எடுத்தும் வண்டி வழக்கம்போல் வேகம் குறையவில்லை. பிரேக்கை மிதிக்க வேண்டியிருந்தது. காரில் பழுது என்று எண்ணிவிட்டேன், பழுது ஏதுமில்லை.

மூன்றேகால் லிட்டர் பெட்ரோல்

ஒரு லிட்டர் பெட்ரோலை எரித்தால் கிடைக்கும் வெப்ப ஆற்றல் ஏறத்தாழ 9 யூனிட். அப்படியானால், 30 யூனிட் மின்கலத் தொகுதியில் இருப்பது மூன்றேகால் லிட்டர் பெட்ரோலின் ஆற்றல்தான்! அந்தப் பெட்ரோலின் எடை இரண்டரை கிலோ. மின்கலத் தொகுதியின் எடையோ இருநூறு கிலோவுக்கும் மேல்.

இவ்வளவு சிறிய கையிருப்பில் மின்கார் 200 கி.மீ. போவது எப்படி? பெட்ரோல் எஞ்சின் தன் ஆற்றலில் பெரும்பகுதியை ரேடியேட்டரிலும் புகைக்குழாயிலும் வெப்பமாக இழக்கிறது. அன்றாட ஓட்டத்தில் சக்கரத்தைச் சேர்வது நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. மின்காரில் மின்கலத்திலிருந்து புறப்படும் ஆற்றலில் 85 விழுக்காடு அளவுக்குச் சக்கரத்தை அடைகிறது. நிலக்கரியை எரிக்கும் அனல்மின் நிலையம் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவையே மின்சாரமாக்குகிறது என்பதையும் நாம் மறைக்கக் கூடாது. அந்த இழப்பு நம் காரிலன்றி மின்நிலையத்தில் நிகழ்கிறது. காற்றாலையும் சூரிய ஒளியும் தரும் மின்சாரத்தின் பங்கு கூடக் கூட இந்தக் கணக்கு மேம்படும்.

பெட்ரோல் காரை, நிறையச் சம்பாதித்து நிறைய வீணாக்கும் வீட்டுக்கு ஒப்பிடலாம். அங்கே கூடுதலாக நூறு ரூபாய் செலவானாலும் யாரும் கவனிப்பதில்லை. மின்கார் சிறிய வருமானத்தில் சிக்கனமாக நடக்கும் வீடு. அங்கே ஒவ்வொரு செலவும் கண்ணுக்குத் தெரியும். புதிதாக மின்கார் ஓட்டுபவரின் அச்சம் இங்கிருந்துதான் பிறக்கிறது.

காவேரிப்பாக்கத்தில் வந்த கவலை

முகப்பேரிலிருந்து வேலூர் ஏறத்தாழ 130 கி.மீ. போகவும் வரவும் 260. என் காரின் சோதனைச் சான்றில் 300 கி.மீ.க்கு மேல் ஓடும் என்று இருந்தது. வழியில் மின்னேற்றமே தேவையில்லை என்று கணக்கிட்டுப் பூவிருந்தவல்லியைத் தாண்டியதும் 100 கி.மீ. வேகத்தில் விரட்டினேன். 2019-இல் கோனா என்ற மின்கார் வெளிவந்த ஆலை இருக்கும் திருப்பெரும்புதூரைக் கடந்தபோது மனம் உற்சாகமாகவே இருந்தது. காவேரிப்பாக்கத்தை நெருங்கும்போது திரையைப் பார்த்தேன். ஓடியது 90 கி.மீ.; மீதி 44 விழுக்காடு. திரும்பி வருவது எப்படி?

அப்பா திரையைப் பார்த்தார், பிறகு வேகமானியைப் பார்த்தார். “வேகத்தை எழுபதுக்குக் கொண்டாம்மா. எங்க டிப்போவுல டீசலுக்கு இதே கணக்குதான்” என்றார். ஒரு லிட்டர் டீசலில் எத்தனை கிலோமீட்டர் ஓட்டினார் என்று ஒவ்வொரு ஓட்டுநரின் பெயருக்கும் நேரே குறித்து வைப்பது போக்குவரத்துக் கழக வழக்கம். அந்தக் கணக்கோடு வாழ்ந்தவர் அவர்.

அவர் சொன்னதன் காரணத்தை எண்களில் காண்போம். சமதளச் சாலையில் காரை இரண்டு தடைகள் எதிர்க்கின்றன. ஒன்று, டயர்கள் உருள்வதில் ஏற்படும் தடை. என்னுடையது போன்ற காருக்கு இது ஏறத்தாழ 170 நியூட்டன். வேகத்தால் பெரிதும் மாறாது. மற்றொன்று காற்றுத்தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 50 கி.மீ. வேகத்தில் 90 நியூட்டன் அளவில் இருக்கும் காற்றுத்தடை, 100 கி.மீ. வேகத்தில் நான்கு மடங்காகி 370 நியூட்டனை எட்டுகிறது. மோட்டாரின் இழப்பையும் குளிரூட்டியின் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டால், அதே 30 யூனிட்டில் 50 கி.மீ. வேகத்தில் 250 கி.மீ. தொலைவும், 70-இல் 220 கி.மீ. தொலைவும் போகலாம். 100-இல் 155 கி.மீ. மட்டுமே!

சான்றிதழ் பொய் சொல்லவில்லை. அந்தச் சோதனை, சராசரி வேகம் குறைவாக, குளிரூட்டி இயங்காத நிலையில் நடப்பது. அதை நெடுஞ்சாலைக்குப் பொருத்தியது என் தவறு. இயற்பியல் நடத்தும் நான் இருமடி விதியைக் கரும்பலகையோடு விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“ஏ.சி.யையும் நிறுத்திடலாமா?” என்றார் அப்பா. குளிரூட்டிக்கு மணிக்கு ஒன்றரை யூனிட் செலவென்று கொள்வோம். 70 கி.மீ. வேகத்தில் அது மொத்தச் செலவில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான். வேகத்தை 100-லிருந்து 70-க்குக் குறைப்பதில் அதைப்போல் இரண்டரை மடங்கு மிச்சமாகிறது. ஆகவே குளிரூட்டி ஓடட்டும் என்றேன். வேலூரை அடைந்தபோது 26 விழுக்காடு மீந்திருந்தது.

பதினைந்து ஆம்பியர் பிளக்

உறவினர் வீட்டில் குளிரூட்டிக்கென்று போட்டிருந்த பதினைந்து ஆம்பியர் பிளக் ஒன்று வாசலருகே இருந்தது. அவர்கள் அனுமதியுடன் காரை அதில் இணைத்தேன். 230 வோல்ட்டில் 12 ஆம்பியர் என்றால் 2,760 வாட். மின்னேற்றியின் இழப்பு போக, மணிக்கு இரண்டரை யூனிட் அளவில் மின்கலத்தில் ஏறும். வளைகாப்பு முடிந்து, விருந்துண்டு, கதை பேசி முடிக்க ஆறு மணி நேரமாயிற்று. மின்கலம் 75 விழுக்காட்டைத் தொட்டிருந்தது.

இங்கே ஓர் எச்சரிக்கை. மிக்சியோ இஸ்திரிப் பெட்டியோ போல் சில நிமிடங்கள் இயங்கும் சாதனமன்று இது. மணிக்கணக்கில் 12 ஆம்பியர் பாயும்போது, தளர்ந்த பிளக்கும் மெல்லிய நீட்டிப்புக் கம்பியும் கொதிக்கத் தொடங்கும். மின்தடையில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது அல்லவா? தரமான கம்பி, சரியான நில இணைப்பு, மின்பணியாளரின் சோதனை ஆகிய மூன்றும் இல்லாமல் வீட்டில் மின்னேற்றம் செய்யக் கூடாது.

நெடுஞ்சாலை நிலையங்களில் உள்ள விரைவு மின்னேற்றிகள் இந்த வேலையை ஒரு மணி நேர அளவில் முடிக்கக்கூடியவை. ஆனால் அவையும் 80 விழுக்காட்டுக்கு மேல் வேகம் தணிகின்றன. காலிப் பேருந்தில் முதலில் ஏறுபவர்கள் உடனே அமர்ந்துவிடுவார்கள். கடைசியில் ஏறுபவர்கள் இடம் தேட வேண்டும். லித்தியம் அயனிகளுக்கும் மின்வாயில் இதே நிலைதான். அவசரப்படுத்தித் திணித்தால் மின்கலம் கெடும்.

பழைய அச்சம்

இந்த அச்சம் நமக்கு மட்டும் உரியதன்று. மணிக்கு 100 கி.மீ. வேகத்தை முதன்முதலில் தாண்டிய கார் ஒரு மின்கார்தான். பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சி 1899-இல் அதை ஓட்டினார். ஆயினும் ஈயமும் அமிலமும் கொண்ட கனத்த மின்கலங்களால் பெட்ரோலோடு போட்டியிட முடியவில்லை. 2001-இல் பெங்களூரில் வெளிவந்த ரேவா காரும் அத்தகைய மின்கலங்களையே சுமந்தது. ஒரு மின்னேற்றத்தில் 80 கி.மீ. அளவே ஓடும் அந்தச் சிறு கார் இலண்டன் தெருக்களிலும் ஓடியது. 1991-இல் விற்பனைக்கு வந்த லித்தியம் அயனி மின்கலமே நிலைமையை மாற்றியது. அதை உருவாக்கிய குடினஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

திரும்பி வரும்போது அப்பா பேச்சைக் கேட்டு 70 கி.மீ. வேகத்தைத் தாண்டவில்லை. முன்னே தொலைவில் வண்டிகள் தேங்குவதைக் கண்டால் அப்போதே காலை எடுத்தேன். காலையில் எடுத்ததைவிட முக்கால் மணி நேரம் கூடுதலாயிற்று. வீட்டு வாசலில் நின்றபோது திரையில் 16 விழுக்காடு இருந்தது.

2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து சென்னையின் மாநகர மின்பேருந்துகள் ஓடத் தொடங்கின. அவற்றின் ஓட்டுநர்கள் இப்போது கற்றுக்கொள்ளும் பாடமும் இதுவே. வேகத்துக்கு இருமடங்கன்று, நான்கு மடங்கு விலை. இந்த விதி பெட்ரோல் காருக்கும் பொருந்தும். எரிபொருள் தாராளமாக இருந்ததால் நம் கண்ணுக்குப் படவில்லை. மின்கார் வாங்கப் போகிறவர்கள் முதல் நெடும்பயணத்துக்கு முன், தாம் போகும் வேகத்துக்கு எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். வீட்டில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தால், அவரையும் அழைத்துச் செல்லட்டும்.