கட்டுமரத்தில் முன்னோக்கித் துடுப்பு வலித்தல்

முன்னோக்கித் துடுப்பு வலித்தல் என்பது சிறுபடகு அல்லது மிதவையில் செல்பவர், அது செல்லும் திசையை நோக்கி அமர்ந்தோ, முழந்தாளிட்டோ, நின்றோ துடுப்பினால் நீரைத் தள்ளிச் செல்லும் முறை ஆகும். கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரை ஊர்களில் கட்டுமரம் செலுத்துவோர் நெடுங்காலமாகக் கையாளும் முறை இதுவே. சங்க இலக்கியத்தின் நெய்தல் திணைப் பாடல்களில் திமில், அம்பி, பஃறி, புணை முதலிய சிறு கலங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. அவற்றுள் புணை என்பது மரங்களைப் பிணைத்துச் செய்த மிதவை. கட்டுமரத்தை அதன் நெருங்கிய உறவு எனக் கொள்ளலாம்.

துடுப்பும் தண்டும்

பேச்சு வழக்கில் துடுப்பு என்ற ஒரே சொல் இருவேறு கருவிகளைக் குறிக்கின்றது. படகின் விளிம்பில் கயிற்று வளையத்திலோ முளையிலோ பொருத்தி வலிக்கும் நீண்ட கோல் தண்டு எனப்படும். எங்கும் பொருத்தாமல் இரு கைகளாலும் ஏந்தி வலிப்பதே துடுப்பு. மீனவர் பேச்சில் இது துளவை அல்லது தொளவை என வழங்கும்.

தண்டு ஒரு நெம்புகோல். படகின் விளிம்பே அதன் தாங்குபுள்ளி. வலிப்பவர் பின்புறம் நோக்கி அமர்ந்து, கால்களை ஊன்றி, முதுகைச் சாய்த்து இழுக்கிறார். கால், இடுப்பு, முதுகு ஆகியவற்றின் பெருந்தசைகள் அனைத்தும் வேலை செய்வதால் விசை மிகுதி. ஆனால் செல்லும் வழி அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அடிக்கடி தோளுக்கு மேலாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். பலர் தண்டு வலிக்கும் வள்ளங்களில் இக்குறை தெரியாது. பின்னணியத்தில் நின்று சுக்கான் பிடிப்பவர் முன்னோக்கி நிற்கிறார், மற்றவர்களுக்கும் அவரே கண்ணாகின்றார். தனி ஒருவராகக் கடலுக்குள் செல்பவருக்கு அந்த உதவி இல்லை.

துடுப்புக்கு நிலையான தாங்குபுள்ளி கிடையாது. மேற்கை முன்னே தள்ள, கீழ்க்கை பின்னே இழுக்கின்றது. தோளும் இடுப்பும் சற்றே திரும்புவதனால் கிடைக்கும் விசையே முதன்மையானது. கை வலிமையை மட்டும் நம்புபவர் விரைவில் களைத்துவிடுவார். ஒரு பக்கம் மட்டும் வலித்தால் முன்னணியம் மறு பக்கம் திரும்பும். ஆகவே இரு பக்கமும் மாறி மாறி வலிக்க வேண்டும். அல்லது ஒவ்வொரு வலிப்பின் முடிவிலும் துடுப்பைச் சற்றே திருப்பி வெளியே தள்ளித் திசையைச் சரிசெய்ய வேண்டும். இந்தச் சிறு திருப்பம் கைவர நாளாகும். கைவந்தபின் அதனைச் செய்கிறோம் என்ற நினைவே இருக்காது.

கட்டுமரத்தின் அமைப்பு

இலேசான மரத்துண்டுகள் சிலவற்றை, முன்புறம் சற்று மேல்நோக்கி வளையுமாறு செதுக்கி, கயிற்றால் பிணைத்துச் செய்யப்படுவது கட்டுமரம். கரையேறியதும் கட்டை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியே காயவைப்பது வழக்கம். நீர் ஊறிய மரம் கனத்துப் போகும். இதற்கு உட்குழிவு இல்லை. அலை மேலே ஏறினாலும் மரங்களின் இடைவெளி வழியாக நீர் வடிந்துவிடும். எனவே இது கவிழலாம், மூழ்காது. செலுத்துபவர் குதிகாலின் மேல் அமர்ந்து அல்லது முழந்தாளிட்டு வலிப்பார். அவருடைய உடல் நீர்மட்டத்திற்கு ஒரு சாண் உயரத்திலேயே இருக்கும். நெடுகப் பிளந்த மூங்கிலைத் துடுப்பாகக் கொள்வதும் உண்டு. அதனை நடுவில் பிடித்து இரு முனைகளாலும் மாறி மாறி வலிக்கலாம். வடதுருவப் பகுதியின் இனுவிட்டு மக்கள் கயாக்கு எனும் தோற்படகில் பயன்படுத்தும் இருமுனைத் துடுப்பின் வேலையும் இதுவே.

ஆங்கிலத்தில் வழங்கும் கட்டமரான் என்ற சொல் தமிழிலிருந்து சென்றது. வில்லியம் தாம்பியர் என்ற ஆங்கிலேயக் கடலோடி 1697 இல் வெளியிட்ட பயண நூலில் இச்சொல்லைக் கையாண்டுள்ளார். இன்று அச்சொல் இரட்டை உடல் கொண்ட விரைவுப் படகையே குறிக்கின்றது. பெயர் மட்டும் உலகைச் சுற்றி வந்தது. பொருள் கரையிலேயே தங்கிவிட்டது.

அலையைக் கடத்தல்

குமரி மாவட்டத்தின் கடற்கரை ஏறத்தாழ 70 கி.மீ. நீளமுடையது. குமரிமுனைக்கு மேற்கே மணக்குடி, முட்டம், கடியப்பட்டணம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் வழியாக நீரோடி வரை செல்லும் கரை, தென்மேற்குப் பருவக்காற்றை நேராக எதிர்கொள்கின்றது. சூன் முதல் செப்டம்பர் வரை அலை மிகுதி. உள்ளூரில் காற்றே இல்லாத நாளிலும், தொலைவில் தென் இந்தியப் பெருங்கடலில் எழுந்த நீண்ட அலைகள் கரையை வந்து மோதுவதுண்டு. இதனை மக்கள் கள்ளக்கடல் என்பர். சொல்லாமல் வருவதனால் இப்பெயர் போலும்.

இத்தகைய கரையில் முன்னோக்கிய பார்வை வெறும் வசதியன்று, உயிர்க்காப்பு. அலைகள் கூட்டங்கூட்டமாக வருபவை. பெரிய அலைகள் சில கடந்தபின் சிறிது நேரம் கடல் அடங்கும். செலுத்துபவர் இடுப்பளவு நீரில் மரத்தைப் பிடித்து நின்று அந்த இடைவெளிக்காகக் காத்திருக்கிறார். அது வந்ததும் ஏறி விரைந்து வலிக்கிறார். அடுத்த அலையை முன்னணியம் நேராகச் சந்திக்க வேண்டும்; சற்றே பக்கவாட்டில் திரும்பினாலும் அலை மரத்தைப் புரட்டிவிடும். அலை எங்கே உடையும், எத்தனை வலிப்பில் அதைக் கடக்கலாம் என்பதைக் கண் அளந்துகொண்டே இருக்கின்றது. முதுகு காட்டி அமர்ந்தவருக்கு இது இயலாது.

திரும்பி வரும்போது நிலைமை தலைகீழ். கரை முன்னே தெரிகின்றது, ஆபத்து பின்னாலிருந்து வருகின்றது. அப்போது கட்டுமரக்காரரும் திரும்பித் திரும்பிப் பார்த்தே ஆகவேண்டும். முன்னோக்கி வலிப்பதன் சிறப்பைப் பேசுவோர் இந்தப் பாதி வழியைச் சொல்ல மறந்துவிடுகின்றனர்.

கணிச்சம்

கடலடியில் உள்ள பாறைத் திட்டுகள் பார் எனப்படும். மீன் கூடும் இடங்கள் இவை. கரையில் உள்ள அடையாளங்களைக் கொண்டு பாரைக் கண்டறியும் முறை கணிச்சம் எனப்படுகின்றது. ஒரு மலைமுகடு ஒரு கோயில் கோபுரத்துக்கு நேர்ப்பின்னே தெரிந்தால் அது ஒரு கோடு. வேறொரு திசையில் அவ்வாறே இரு பொருள்கள் நேர்ப்பட்டால் அது இரண்டாவது கோடு. இரண்டும் வெட்டும் இடத்தில் பார் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை கடலுக்கு அருகிலேயே முடிவடைவதும், ஊர்தோறும் உயர்ந்த தேவாலயக் கோபுரங்கள் நிற்பதும் இம்மாவட்ட மீனவருக்கு வாய்த்த நற்பேறு. கடல் நோக்கிச் செல்லும்போது மட்டும் பின்னோக்கி அமர்ந்தவருக்கே இவ்வடையாளங்கள் எளிதில் தெரியும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டுமரக்காரர் துடுப்பை நீரில் நிறுத்தி உடலைத் திருப்பிப் பார்க்கிறார்.

கழிமுகமும் கால்வாயும்

அமைதியான நீரில் துடுப்பு வலிப்பது வேறு வகை இன்பம். பழையாறு மணக்குடியிலும், குழித்துறைத் தாமிரபரணி தேங்காய்ப்பட்டணத்தருகிலும் கடலில் கலக்கின்றன. இக்கழிமுகங்களில் ஓசையின்றிச் செல்லும் சிறு வள்ளத்தைக் கண்டு கொக்கும் மீன்கொத்தியும் எளிதில் அஞ்சுவதில்லை. முன்னே என்ன வருகிறதென்று பார்த்தபடியே செல்லலாம்: வலையின் மிதப்பு, தாழ்ந்த தென்னை, திடீரென வெளிறும் நீரின் நிறம். நீர் வெளிறினால் அங்கே மணல் மேடு உள்ளது எனப் பொருள். கீழ மணக்குடியையும் மேல மணக்குடியையும் இணைத்த பாலம் 2004 திசம்பர் 26 ஆழிப்பேரலையில் அடித்துச் செல்லப்பட்டது.

திருவிதாங்கூர் ஆட்சியில் 1860 இல் தொடங்கப்பட்ட அனந்த விக்டோரியா மார்த்தாண்டன் கால்வாய், திருவனந்தபுரத்தைக் குமரியுடன் நீர்வழியாக இணைக்கும் நோக்குடையது. பணி மண்டைக்காட்டு அளவில் நின்றுபோனது. பின்னர் பல இடங்கள் தூர்ந்தும் ஆக்கிரமிக்கப்பட்டும் போயின. 2016 ஆம் ஆண்டின் தேசிய நீர்வழிகள் சட்டம், பூவாறு முதல் இரையுமன்துறை வரையிலான பகுதியை 13 ஆவது தேசிய நீர்வழியாக அறிவித்தது.

பிற இடங்களில்

கேரளத்தின் சுண்டன் வள்ளங்களில் துடுப்பாளர் அனைவரும் முன்னோக்கியே அமர்கின்றனர். ஆலப்புழையின் நேரு கோப்பைப் போட்டி, 1952 இல் சவகர்லால் நேரு வந்தபோது நடத்தப்பட்ட ஓட்டத்திலிருந்து தோன்றியது. வெனிசு நகரின் கொண்டோலா ஓட்டி நின்றவாறே முன்னோக்கித் தண்டைத் தள்ளுகிறார். பர்மாவின் இன்லே ஏரி மீனவர் ஒரு காலைத் துடுப்பில் சுற்றி வலித்து, இரு கைகளையும் வலைக்கு விட்டுவிடுகின்றனர். தண்டின் விசையையும் முன்னோக்கிய பார்வையையும் ஒருசேரப் பெற, இணைப்புக் கோல்கள் அல்லது பற்சக்கரங்கள் மூலம் இழுப்பைத் திருப்பிவிடும் பொறிகளும் மேலைநாடுகளில் செய்யப்பட்டுள்ளன. அவை நன்கு இயங்கினாலும், எடையும் உப்புநீர் அரிப்பும் சேர்ந்த தொல்லை உண்டு. ஒலிம்பிக்கில் முன்னோக்கி வலிக்கும் கனோ, கயாக்குப் போட்டிகள் 1936 பெர்லின் விளையாட்டுகளிலிருந்து இடம்பெறுகின்றன.

இன்றைய நிலை

1980களில் முட்டத்தில் பெல்சிய நாட்டுப் படகு வல்லுநர் பியர் சில்லே ஒட்டுப்பலகைப் படகுகளை உருவாக்கும் முயற்சியில் ஈடுபட்டார். அவ்வனுபவத்தை 1985 இல் நூலாகவும் எழுதினார். வெளிப்பொருத்து எந்திரமும் கண்ணாடியிழை வள்ளமும் பரவியபின் மரக் கட்டுமரம் அருகிவிட்டது. எந்திரம் பிடிப்பவரும் முன்னோக்கியே பார்க்கிறார் என்பதால் பார்வை மாறவில்லை. அவர் இழந்தது செவியை. அலை உடையும் ஓசையும், பாறையில் நீர் மோதும் ஓசையும் எந்திர இரைச்சலில் கேட்பதில்லை. தூண்டில் மீன்பிடிப்புக்கும், பாறைகளில் சிப்பி எடுப்பதற்கும் சிலர் சிறு மிதவைகளை இன்னும் துடுப்பால் செலுத்துகின்றனர். அவற்றுள் சில மரத்திற்குப் பதிலாகத் தெர்மோகோல் கட்டிகளால் ஆனவை. எடை குறைவென்பதால் ஒருவரே தூக்கிக் கரை சேர்க்கலாம், ஆனால் காற்றடித்தால் மரம்போல் நீரில் அமர்ந்து நிற்பதில்லை.