புலிப்பால் காளானின் பேரினம்

லிக்னோசஸ் என்பது பாலிபோரேசி குடும்பத்தைச் சேர்ந்த துளைக்காளான் பேரினம். கடைகளில் கிடைக்கும் காளானின் குடையைத் திருப்பினால் மெல்லிய மடிப்புகள் தெரியும். லிக்னோசஸில் அந்த இடத்தில் ஊசி குத்தியதுபோல் நுண்ணிய துளைகள். வித்துகள் அவற்றின் வழியே உதிர்கின்றன. இதன் உறவினங்கள் பலவும் மரத்தில் ஒட்டி வளர, இதுவோ மண்ணுக்குள் கிழங்குபோல் இறுகிய கட்டியிலிருந்து தனிக்காம்புடன் எழுகிறது. பேரினத்தை அடையாளம் காட்டுவது இந்தச் சேர்க்கைதான்.

மலாய் மக்கள் 'சுசு ரிமாவ்' என்று அழைக்கும் புலிப்பால் காளான் இப்பேரினத்தில் புகழ்பெற்றது. பாலூட்டும் புலியின் பால் சிந்திய இடத்தில் முளைப்பது என்பது வழிவழி நம்பிக்கை. இருமலுக்கும் ஆஸ்துமாவுக்கும் பழங்குடியினர் அதன் கிழங்கைப் பயன்படுத்தி வந்தனர். அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது பினாங்கு வழியாக: அங்கு கிடைத்த மாதிரியைக் கொண்டு ஆங்கிலேயப் பூஞ்சையியலாளர் குக் 1879இல் அதற்குப் பெயரிட்டார். துளையுள்ளவை பெரும்பாலும் பாலிபோரஸ் என்ற ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்ட காலம் அது. லிக்னோசஸ் தனிப் பேரினமாக 1920இல் பூஞ்சையியலாளர் டொரண்டால் நிறுவப்பட்டது. நார்வே அறிஞர் ரிவார்டன் 1972இல் பினாங்குக் காளானை அதில் சேர்த்து, லிக்னோசஸ் ரைனோசெரஸ் என்று பெயரை நிலைநிறுத்தினார்.

2013இல் மலேசிய ஆய்வாளர்கள் டைக்ரிஸ், கேமரோனென்சிஸ் என இரு புதிய இனங்களைப் பிரித்துக் காட்டினர். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றும் ஒன்றே. துளைகள்தான் காட்டிக்கொடுக்கின்றன: ரைனோசெரஸில் ஒரு மில்லிமீட்டருக்குள் ஏழெட்டுத் துளைகள் நெருங்கியிருக்கும், மற்ற இரண்டிலும் துளைகள் பெரியவை, எண்ணிக்கையில் குறைந்தவை.