புல்தரையில் வெள்ளைக் குடை! பச்சைத் தூள் கொட்டினால் விஷம்!

மயிலாப்பூர் பள்ளிக்கூட மைதானம் ஆகட்டும், தி.நகர் பூங்கா ஆகட்டும், அடையாறு வீட்டுத் தோட்டம் ஆகட்டும், நல்ல மழை பெய்து ஓய்ந்தால் புல்லுக்கு நடுவே காளான் முளைக்கும். நேற்று வெறும் புல். இன்று காலையில் வெள்ளை வெளேர் என்று குடைகள்!

"அட, கடையிலே விக்கிற காளான் மாதிரியே இருக்கே! குழம்பு வெச்சா என்ன?" என்று நாக்கு ஊறும்.

வைக்காதீர்கள்! அது 'குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்' என்ற விஷக் காளானாக இருக்கலாம். அமெரிக்காவில் காளான் தின்று ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர்களில் நிறையப் பேர் ஏமாந்தது இந்த ஆசாமியிடம்தான். 1818லேயே மேயர் என்ற ஜெர்மானியர் தென்னமெரிக்கக் காளானாக இதை எழுதி வைத்துவிட்டார்.

அங்க அடையாளம்

விரிந்த குடை ஒரு சாண் அகலம்கூட இருக்கும். வெள்ளைக் குடையின் உச்சியில் பழுப்புச் செதில்கள். தண்டில் மோதிரம் மாட்டியது போல ஒரு வளையம். சில சமயம் புல்லில் வட்டம் கட்டி நிற்கும்.

குடைக்கு அடியில் தாள் தாளாக மடிப்புகள். ஏமாற்றுவது இவைதான்! இளசாக இருக்கும்போது மடிப்பும் வெள்ளை. முற்றிய பிறகுதான் பச்சை தட்டும்.

நம் ஊரில் ஆசையாகச் சமைக்கும் புற்றுக்காளானும் வெளிர் நிறம்தான். கிண்டி வளாகத்தில் உள்ள சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் மையத்தின் கே.நடராஜன், 1979ல் அதில் ஓர் இனத்துக்கு 'டெர்மிட்டோமைசிஸ் ஹைமி' என்று பெயர் சூட்டினார். புற்றுக்காளானின் தண்டு வேர் போல நீண்டு, மண்ணுக்குள் கறையான் கூடு வரை போகும். அதன் தூள் இளஞ்சிவப்பு.

காகிதச் சோதனை

அதென்ன தூள்? காளானின் விதை என்று வைத்துக்கொள்ளுங்கள். தண்டை நறுக்கிவிட்டு, குடையை வெள்ளைக் காகிதத்தில் மடிப்பு கீழே இருக்கும்படி வையுங்கள். மேலே ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் காகிதத்தில் பச்சைத் தூள் படிந்திருந்தால் ஆள் சிக்கினான்! பச்சைத் தூள் கொட்டும் காளான் உலகிலேயே அபூர்வம். பிறகு கையை நன்றாகக் கழுவுங்கள்.

பச்சை இல்லையென்றால் சாப்பிடலாமா? கூடவே கூடாது! உயிரைக் குடிக்கும் காளான்கள் சிலவற்றின் தூள் வெள்ளை. வெள்ளிக் காசு கறுக்கிறதா என்று பார்ப்பது, பூச்சி தின்றால் நல்லது என்பது எல்லாம் சுத்தப் பொய்.

தின்றுவிட்டால்?

1 மணி முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தி, வயிற்றுப் பிடுங்கல், பேதி. பெரும்பாலும் உயிர் போகாது. ஆனால் உடம்பில் தண்ணீர் வற்றிவிடும். குழந்தைகளுக்கு ஆபத்து. கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். மிச்சக் காளானையும் மறக்காமல் கொண்டுபோங்கள். டாக்டருக்கு அதுதான் சாட்சி!

காளான் ஆசையா? கடையில் வாங்குங்கள். புல்லில் முளைத்ததைக் கண்ணால் பார்த்து ரசித்துவிட்டு, பஸ்ஸைப் பிடியுங்கள்!