தமிழ்த் திரைப்படங்களில் மனநோய்ச் சித்திரிப்பு: விடுபடும் சிகிச்சைக் காலம்

முன்னுரை

தமிழ்த் திரைப்படங்களில் மனநோய் நெடுங்காலமாகக் கதைப்பொருளாக இருந்து வருகிறது. அப்படங்கள் நோயின் தொடக்கத்தையும் முடிவையும் விரிவாகக் காட்டுகின்றன. இடைப்பட்ட சிகிச்சைக் காலத்தைப் பெரும்பாலும் காட்டுவதில்லை. இவ்விடுபடல் மனநோயாளரைப் பற்றி எத்தகைய கருத்தை உருவாக்குகிறது என்பதை நான்கு படங்களின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கணத்தில் நிகழும் குணம்

பாலு மகேந்திராவின் 'மூன்றாம் பிறை' (1982) படத்தில், விபத்தால் நினைவிழந்து குழந்தை மனநிலைக்குத் திரும்பிய விஜி, வைத்தியர் ஒருவரின் குறுகிய சிகிச்சையிலேயே பழைய நினைவுகளை முழுமையாகப் பெறுகிறாள். இடைக்காலத்தில் தன்னைக் காத்த சீனுவை அறவே மறக்கிறாள். பி. வாசுவின் 'சந்திரமுகி'யில் (2005) கங்காவின் நோயை மனநல மருத்துவரான சரவணன் கண்டறிகிறான். எனினும், குணப்படுத்தும் முறை பேயோட்டும் சடங்கின் வடிவிலேயே அமைகிறது. வேட்டையனைக் கொன்றுவிட்டதாக அவள் நம்பும் கணத்தில் நோயும் நீங்குகிறது. இங்கு மருத்துவம் நோய்க்குப் பெயர் தருகிறது. குணத்தைச் சடங்கு தருகிறது.

அச்சத்திற்குரிய நோயாளி

ஷங்கரின் 'அந்நியன்' (2005) படத்தில் அம்பி என்னும் ஒருவனுக்குள் அந்நியன், ரெமோ என்னும் வேறு இரு ஆளுமைகள் உருவாகின்றன. அவற்றுள் ஒன்று தொடர்கொலைகள் புரிகிறது. அவன் சிகிச்சை பெற்ற காலம் திரையில் இடம்பெறுவதில்லை. விடுதலைக்குப் பின் மீண்டும் கொல்வது காட்டப்படுகிறது. அக்கொலை நாயகச் செயலாகப் போற்றப்பட்டாலும், மனநோயை வன்முறையோடு இணைக்கும் பொதுக்கருத்தை அது உறுதிப்படுத்துகிறது.

பிணைக்கப்பட்ட நோயாளி

பாலாவின் 'சேது' (1999) இவற்றினின்றும் மாறுபடுகிறது. தலையில் பட்ட அடியால் மனம் பிறழ்ந்த சேது, நோயாளிகளைச் சங்கிலியால் பிணைத்துவைக்கும் மடத்தில் சேர்க்கப்படுகிறான். தெளிந்த பின்னும் அதைப் பிறர்க்கு உணர்த்த இயலாமல் தவிக்கிறான். இச்சித்திரிப்பு மிகையன்று. 2001 ஆகஸ்டு 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த நோயாளிகள் தப்ப இயலவில்லை; 28 பேர் உயிரிழந்தனர். மனநோயாளரைச் சங்கிலியால் பிணைப்பதை மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 (பிரிவு 95) தடைசெய்கிறது.

முடிவுரை

மனநோய்கள் பலவற்றிற்கு மருந்தும் உளவழிச் சிகிச்சையும் மாதக் கணக்கில், சிலவற்றிற்கு ஆண்டுக் கணக்கில் தேவைப்படுகின்றன. அக்காலத்தில் பணிக்குச் செல்வோரும் குடும்பம் நடத்துவோரும் உளர். கணத்தில் குணத்தை எதிர்பார்க்கும் குடும்பம் சிகிச்சையை இடையில் நிறுத்தக்கூடும்; நோயாளியை அஞ்சும் குடும்பம் அவரை அடைத்துவைக்கக்கூடும். எனவே, நோய்க்குறிகளை நடிகர் எவ்வளவு துல்லியமாக நடித்துள்ளார் என்பதோடு, சிகிச்சையோடு வாழும் இயல்பான நாள்களுக்குத் திரைக்கதை எவ்வளவு இடமளித்துள்ளது என்பதையும் திரைப்பட ஆய்வுகள் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.